கன்னியம்மா காய்ச்சிக் கொடுத்த தண்ணீர்

தொழிலாளர் நஷ்டஈட்டு கமிஷனர் அலுவலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு பதவி இருந்தது. அதில் நான் இருந்தேன். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் பதவியையே எடுத்துவிட்டார்கள். என் இடத்தை நிரப்ப ஆள் கிடைக்கவில்லை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். நிரப்பத் தேவையே இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்கிறார்களாம். இரண்டில் எது உண்மை என்று என் மனைவிக்குத் தெரியும். கேட்டால் சொல்லிவிடுவாள் என்பதால் நான் கேட்பதில்லை.

போன மாதம் ஓர் இளம் வக்கீல் போன் செய்தார். ராணுவ வளாகம் ஒன்றின் பின்புறம் குடியிருப்பவர்களுக்கு போர்வெல் தண்ணீரால் நோய் வந்திருக்கிறது, அதற்கு வழக்குப் போடப்போகிறார். பழைய உத்தரவுகளைத் தேடும்போது எங்கள் கமிஷனர் ருத்ரய்யா எழுதிய ஒன்று அகப்பட்டதாம்.

“சார், அதுல அந்த வைஃப் பத்தி ஒரு பாரா இருக்கே, எவ்ளோ அழகா எழுதியிருக்காரு! நீங்க அப்ப இருந்தீங்களாமே?”

இருந்தேன் என்றேன். அழகு என்ற சொல்லைக் கேட்டதும் மேலே பேசத் தோன்றவில்லை. டிராஃபிக் சத்தம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நான் நின்றுகொண்டிருந்தது என் வீட்டுச் சமையலறையில்.

அந்தப் பத்தி எப்படி வந்தது என்பதை எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னுடையது நூலகத் தமிழ். எங்கள் குடும்பம் மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்காக இந்தக் கன்னட ஊருக்கு வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. வீட்டில் பாதி கன்னடம்; மீதிக்கு வேண்டிய தமிழை நான் புத்தகங்களிலிருந்து இறக்குமதி செய்துகொண்டேன். முதல் வாரமே சாட்சி சொல்ல வந்த ஒரு பெண்மணியிடம், “தங்கள் கணவர் எப்போது இயற்கை எய்தினார்?” என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இன்னா கேக்கறாரு இந்தப் பூசாரி?” என்று வக்கீலைக் கேட்டார். அன்றிலிருந்து சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைதான் எனக்குக் கல்லூரி. ஒரு வருடத்தில் கன்டோன்மென்ட்டுத் தமிழ் வாய்க்கு வந்துவிட்டது. அதை ஒரு நாள் வீட்டில் பேசிப் பார்த்தேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பயிற்சி முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

ருத்ரய்யா தும்கூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். ஒல்லி, மீசை மட்டும் வேறொரு பெரிய மனிதருக்காகச் செய்ததுபோல இருக்கும். சாட்சி வந்து நின்றதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “ஊட்டா ஆய்த்தா?” சாப்பிடவில்லை என்றால் வழக்கை நிறுத்திவிட்டுக் கீழே கேன்டீனுக்கு அனுப்பிவிடுவார். வக்கீல்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்கள். எனக்கு அது கருணையாகத் தோன்றி ஒருமுறை பாராட்டினேன். அவருக்குப் பிடிக்கவில்லை. “கருணை இல்லை, பசியில் இருப்பவன் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பான். எனக்கு அந்த ஆமாம் வேண்டாம்” என்றார்.

எங்கள் வேலை இப்படி நடக்கும். சாட்சி தமிழில் சொல்வதை நான் ஆங்கிலத்தில் சொல்வேன். ருத்ரய்யா அதைச் சாட்சியின் வாயாகவே மாற்றி டைப்பிஸ்டுக்குச் சொல்வார். ‘நான் காலமான இன்னாரின் மனைவி, எனக்கு இரண்டு பிரசவம்’ என்று அந்த மீசை கம்பீரமாகச் சொல்ல, டைப்பிஸ்ட் முகம் மாறாமல் தட்டுவார். ருத்ரய்யா அடைமொழிகளை அனுமதிக்க மாட்டார். ‘கொடிய வயிற்றுவலி’ என்று நான் சொன்னால், ‘வயிற்றுவலி’ என்று பதிவாகும். கொடியதா இல்லையா என்பதை டாக்டர் சொல்லட்டும் என்பார்.

எல்லாம் முடிந்தபின் சாட்சியத்தைச் சாட்சிக்குப் படித்துக் காட்டி, சரி என்று ஒப்புக்கொண்டபின் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. மற்ற இடங்களில் கையெழுத்தை முதலில் வாங்கிவிடுவார்கள். படிப்பது பிறகு, அதாவது எப்போதும் இல்லை. ருத்ரய்யாவிடம் அது நடக்காது. சாட்சியை என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைப்பார். காதில் சரியாக விழ வேண்டும் என்று ஃபேனை நிறுத்தச் சொல்வார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் சாட்சி ‘சரி’ சொல்ல வேண்டும். தவறு இருந்தால் அங்கேயே திருத்தலாம். ஏப்ரல் மாதத்தில், கறுப்புக் கோட்டுக்குள் வக்கீல்கள் அவிந்துகொண்டிருக்க, இந்தச் சடங்கு நிதானமாக நடக்கும். ‘காத்தாடி பூஜை’ என்று அவர்கள் பெயர் வைத்திருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த வழக்குகள் வந்தன. பழைய தண்டுப் பகுதியின், அதாவது கன்டோன்மென்ட்டின், ஓரத்தில் ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதில் ஒரு பிரிவில் உலோகப் பாகங்களுக்குக் குரோமிய முலாம் பூசுவார்கள். வேலை முடிந்த கரைசலைப் பின்னால் ஒரு குழியில் ஊற்றினார்கள். குழிக்கு அடியில் சிமென்ட் கிடையாது, மண்தான். மண் தன் வேலையைச் செய்தது. சில ஆண்டுகளில் பட்டறைச் சிவில் தொழிலாளர்கள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தார்கள். யூனியன் சார்பில் லாரன்ஸ் என்ற வக்கீல் வழக்குகளைக் கொண்டுவந்தார். பட்டறைக் குழாயில் தண்ணீர் குடித்தோம் என்று சொன்னவர்களின் வழக்குகள் முனகிக்கொண்டே நகர்ந்து, ஒரு வழியாக முடிந்தன.

கன்னியம்மாவின் வழக்கு அப்படிப்பட்டதல்ல. அவர் கணவர் தேவராஜ் வண்டிகளுக்கு சீட்டும் கான்வாஸ் கூரையும் தைப்பவர். முலாம் பிரிவின் பக்கமே போனதில்லை. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி இறந்துபோனார். குடியிருந்தது பட்டறையின் குவார்ட்டர்ஸில். ஒரே மகள் அமுதா, பத்தாவது முடித்து அப்போதுதான் பி.யூ.சி. சேர்ந்திருந்தாள். அவளுக்கும் முகமும் காலும் வீங்க ஆரம்பித்திருந்தன. அப்பா போன வழியிலேயே போகிறாள், உடனே வைத்தியத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இங்கே சட்டம் ஒரு விசித்திரம் செய்கிறது. வேலையில் வந்த நோய்க்குத்தான் நஷ்டஈடு. அதுவும் தொழிலாளிக்கு மட்டும். அமுதா தொழிலாளி அல்ல. அதே தண்ணீரை வீட்டில் குடித்துச் செத்தால் அது சொந்தச் சாவு. ஆகவே மகளுடைய வைத்தியத்துக்கான பணம் அப்பாவின் சாவு வேலையால் வந்தது என்று நிரூபணமாவதில் இருந்தது. தேவராஜ் வேலை நேரத்தில், வேலை இடத்தில், முதலாளியின் தண்ணீரைக் குடித்தார் என்று காட்ட வேண்டும். மற்றதெல்லாம் செக்‌ஷன் நம்பர்.

“ஒரே ஒரு பாயின்ட்தான் கன்னிம்மா,” என்று லாரன்ஸ் தாழ்வாரத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். “பட்டறையில எந்தத் தண்ணி குட்ச்சாருன்னு கேப்பாங்க. எல்லாரும் குழாத் தண்ணிதானே குட்ச்சாங்க? அத்தச் சொல்லுங்க, போதும்.”

கன்னியம்மா தலையாட்டினார். கூட வந்திருந்தவர் தேவராஜின் தங்கை சரோஜா. கேட்காமலே என்னிடம் வந்து உறவுமுறையைச் சொல்லிவிட்டு, அண்ணிக்குக் கேட்கும்படியே பேசினார்: “எங்கண்ணன யாரு சார் பாத்துக்கினாங்க? சோறு கட்டிக் குடுத்துட்டா ஆச்சா? நாங்கெல்லாம் இருக்கசொல்லவே இப்டி அநியாயமா பூட்டாரு.” கன்னியம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது பல மாதங்களாகக் கேட்டுக் கேட்டு வந்த நிற்பு என்று தெரிந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதைக்காரர். ரொம்ப மென்மையாகக் கேட்பார். அந்த மென்மைக்கே தனியாக ஃபீஸ் வாங்கலாம். பட்டறையில் உங்கள் கணவர் எங்கே தண்ணீர் குடிப்பார் என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். கன்னியம்மாவின் பார்வை லாரன்ஸிடம் போனது. அவரைத் தாண்டிப் பின் பெஞ்சில் இருந்த சரோஜாவிடம் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

“எங்கூட்டுக்காரரு பட்டறைத் தண்ணி ஒரு முழுங்கு குட்ச்சதில்ல சார்,” என்றார். “மஞ்சளா வரும், அத்தப் போயி குடிப்பாரா? நான் தெனமும் ஊட்லேந்து காச்சி, துணியில வடிகட்டி, தூக்குல ஊத்திக் குடுத்தனுப்புவேன். எனக்குக் காய்ச்சல் வந்து கெடந்தப்பகூட எழுந்து காச்சினேன். சோத்த மறந்தாலும் தண்ணிய மறந்ததில்ல. வோணும்னா அதோ அவங்களையே கேளுங்க!”

லாரன்ஸ் பேனாவை மூடி வைத்தார்.

“ஒரு நாள்கூடக் குழாயில் குடித்ததில்லையா?” என்றார் மரியாதைக்காரர்.

“ஒரு நாள்கூட.”

அவர் நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

பூஜைக்கு ஃபேன் நின்றது. கன்னியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து வரிக்கு வரி சரி, சரி என்றார். ‘என் கணவர் பட்டறைத் தண்ணீரைக் குடித்ததே இல்லை’ என்ற வரி வந்தது. லாரன்ஸ் எழுந்தார். “சார், விட்னஸ் கொஞ்சம் கன்ஃப்யூஸ் ஆயிட்டாங்க...”

“லாரன்ஸ், கூத்கொள்ளி,” என்று ருத்ரய்யா அவரை உட்கார வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இன்னொரு முறை படியுங்கள். மெதுவாக. ஒரு தடவையாவது குடித்திருக்கலாமா என்று கேளுங்கள்.” சட்டத்துக்குள் நின்றுகொண்டு ஒரு கமிஷனர் எவ்வளவு தூரம் கையை நீட்டலாமோ, அவ்வளவு தூரம் அது.

படித்தேன். “ஒரு தடவகூடக் குட்ச்சிருக்க மாட்டாரா அம்மா? தூக்குத் தண்ணி தீந்துபோயி? மாத்தணும்னா இப்ப மாத்தலாம்.”

கன்னியம்மா மறுபடி பின் பெஞ்சைப் பார்த்தார்.

“குட்ச்சிருப்பாருன்னு சொன்னா, நான் பத்தாம குடுத்தனுப்பினேன்னு ஆயிடும் சார்.”

“அப்படியெல்லாம் ஆகாதும்மா.”

“உங்களுக்கு ஆகாது,” என்றார். “சரின்னே எழுதிக்குங்க.”

வெளியே வந்ததும் லாரன்ஸ், “இன்னா கன்னிம்மா, கேஸத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டியே! பொண்ணு நெனப்பு இல்லியா ஒனக்கு?” என்று கத்தினார். பதில் சொன்னது சரோஜா. “எங்கண்ணி பொய்யா சொன்னாங்க? எங்கண்ணனுக்குத் தண்ணி காச்சித்தான் குடுத்தாங்க, நானே பாத்திருக்கேன்.” சொல்லிவிட்டு அண்ணியின் கையைப் பிடித்து மாடிப்படி இறக்கிக் கூட்டிப்போனார். நாத்தனார் வாயால் அப்படி ஒரு சான்றிதழ் கன்னியம்மாவுக்கு அதற்குமுன் கிடைத்திருக்காது. பின்னாலிருந்து பார்த்தபோது அவர் நடையே மாறியிருந்தது. அடுத்த வாய்தா வரையில் அவர் நன்றாகத் தூங்கியிருப்பார் என்று நம்புகிறேன்.

அடுத்த வாய்தாவில் பட்டறையின் தண்ணீர் விநியோகத்தைப் பார்க்கும் எஞ்சினியர் வந்தார். சாட்சியம் ஆங்கிலத்தில். எனக்கு வேலை இல்லை. ஆனால் கட்சிக்காரருக்குப் புரியாமல் எதுவும் நடக்கக்கூடாது என்று ருத்ரய்யா என்னைக் கன்னியம்மாவின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். நான் அவர் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தேன். பட்டறைக்கு ஒரு தொட்டி, குவார்ட்டர்ஸுக்கு ஒரு தொட்டி. பட்டறைத் தொட்டி பழையது. அந்த மஞ்சள் அதன் துரு. குவார்ட்டர்ஸ் தொட்டி புதியது, தண்ணீர் பளிங்குபோல வரும். இரண்டையும் நிரப்புவது ஒரே போர்வெல். அது முலாம் பிரிவின் குழிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

“ஒரே போரா?” என்றார் கன்னியம்மா. “எங்க ஊட்டுக்கும் அதானா?”

“ஆமாம்மா.”

விஷத்துக்கு நிறம் தேவைப்படவில்லை. அவர் வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். பிறகு, “ஆனா நான் காச்சினேனே சார்,” என்றார் நிம்மதியாக.

அடுத்து வந்தவர் பரிசோதனைக்கூடத்து ரசாயன நிபுணர். காய்ச்சினால் என்ன ஆகும் என்று ருத்ரய்யா கேட்டார். நிபுணர் வகுப்பெடுக்கும் உற்சாகத்தில் சொன்னார்: காய்ச்சினால் சாவது கிருமி. இது உலோகம், சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட, மீதி இருப்பதில் அதன் அளவு கூடவே செய்யும்.

“இன்னா சொல்றாரு?”

“காச்சினா போகாதாம்மா.”

“அவ்ளோதானா? நெறைய பேசினாரே.”

நான் ருத்ரய்யாவைப் பார்த்தேன். எத்தனையோ வருடங்களாகத் தமிழைக் கேட்டுக்கொண்டிருக்கும் மனிதர் அவர். நான் பாதியை விழுங்கியது அவருக்குப் புரிந்துவிட்டது. “பூர்த்தி ஹேளி,” என்றார். முழுவதும் சொல்லுங்கள். அவர் குரலில் கோபம் இல்லை. தன்னுடைய வழக்கில் பாதியை மட்டும் தெரிந்துகொள்ளும்படி ஒருவரை வைத்திருக்க நமக்கு உரிமை இல்லை என்பது அவர் கட்சி. நான் முழுவதும் சொன்னேன். எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். இதை மெதுவாகச் சொல்ல ஒரு வாக்கியம் எந்த ஆசிரியரும் எனக்காக எழுதி வைத்திருக்கவில்லை.

“நான் ரொம்ப நேரம் கொதிக்க வெப்பேன் சார்,” என்றார் கன்னியம்மா. “பொங்கிப் பொங்கி வரணும். அப்பதான் எறக்குவேன்.”

அதை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

வாதம் நடந்தது. மரியாதைக்காரர் அந்தச் சாட்சியத்தையே எடுத்துப் பேசினார். தண்ணீர் கெட்டதாகவே இருக்கட்டும். ஆனால் இறந்தவர் குடித்தது வீட்டுத் தண்ணீர், வீட்டுச் சமையலறையில் தயாரானது. வீடு வேலை இடம் அல்ல. லாரன்ஸ் எழுந்து மனிதாபிமானம் பற்றிப் பேசினார். மனிதாபிமானத்துக்கு வக்கீல்கள் போய்ச் சேர்ந்தால், சட்டப் புத்தகத்தில் இடம் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

உத்தரவு எழுதும் வாரத்தில் ருத்ரய்யா என்னை அறைக்குக் கூப்பிட்டார். வரைவைக் கையில் கொடுத்தார். கன்னியம்மா ஜெயித்திருந்தார். வழி இதுதான்: போர்வெல் முதலாளியுடையது, குவார்ட்டர்ஸ் முதலாளியுடையது. தேவராஜ் அந்தத் தண்ணீரைக் குடித்தது வேலை நேரத்தில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில். முதலாளியின் தண்ணீர் மனைவியின் கை வழியாகத் தொழிலாளியிடம் வந்து சேர்ந்தது. நடுவில் அந்தக் கை வந்ததால் முதலாளியின் பொறுப்பு அறுந்துவிடாது.

“இந்த வரி தமிழில் எப்படி இருக்கும்?” என்று கேட்டார்.

சொன்னேன். ‘விஷம் கலந்த அந்தத் தண்ணீரை அவர் மனைவி தினந்தோறும் காய்ச்சி, தன் கையால் கொடுத்தனுப்பினார்.’

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். “கையை எடுத்துவிடலாமா?”

எடுத்துப் பார்த்தோம். ‘தண்ணீர் கொண்டு செல்லப்பட்டது’ என்று போட்டோம். யார் கொண்டுபோனது, எங்கிருந்து என்று மேல்முறையீட்டில் கேட்பார்கள். ‘வீட்டிலிருந்து வந்தது’ என்றால் வீட்டுத் தண்ணீர் ஆகிவிடும். தினமும், தவறாமல், வேலை இடத்துக்கு என்று நிரூபிக்க ஒரே சாட்சியம் அவருடைய பெருமைதான். அதை எடுத்தால் வழக்கு விழுந்துவிடும். அமுதாவின் வைத்தியமும் போய்விடும். அடைமொழிகளைக் கண்டால் ஆகாத மனிதர் அன்றைக்கு, “அன்போடு என்று ஒரு வார்த்தை சேர்க்கலாமா?” என்று கேட்டார். சேர்த்தார். மறுநாள் டைப்பான பிரதியில் அது இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்தப் பத்தியை இப்போது அழகு என்கிறார்கள்.

உத்தரவைப் படித்த நாளில் சரோஜாவும் வந்திருந்தார். நான் தமிழில் படித்தேன். அந்த வரி வந்தபோது குரலைத் தாழ்த்திப் பார்த்தேன். ஃபேன் ஓடாத அறையில் அது பயன்படவில்லை. பின் பெஞ்சில் யாரோ எழுந்தார்கள். செருப்புச் சத்தம் கதவு வரை போனது, படிகளில் இறங்கியது. கன்னியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நான் படித்து முடிக்கும் வரை, பழக்கத்தினாலோ என்னவோ, ஒவ்வொரு வரிக்கும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். உத்தரவுக்குச் சரி சொல்ல வேண்டியதில்லை. நான் அதைச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனேன்.

எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. பணத்தைக் கட்டிவிட்டார்கள். செக் வாங்கிப்போக அம்மாவும் மகளும் வந்தார்கள். அமுதாவின் முகம் உப்பியிருந்தது. காலில் செருப்பு பாதிதான் நுழைந்திருந்தது. மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. என் மேஜைக்கு எதிரில் இருவரையும் உட்காரச் சொன்னேன். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது அமுதா மெதுவாக, “அம்மா, தண்ணி,” என்றாள்.

எங்கள் ஆபீஸ் பானை கன்னியம்மாவின் முழங்கைக்குப் பக்கத்தில், ஸ்டூல்மேல் இருந்தது. டம்ளர் அதன்மேலேயே கவிழ்த்திருந்தது. கையை நீட்டினால் போதும்.

“எழுந்து நீயே மொண்டு குடி,” என்றார் கன்னியம்மா.

நான் அவசரமாக எழுந்தேன்.

“நீங்க உக்காருங்க சார். அவளே எடுத்துக்குவா.” மேஜையைப் பார்த்தபடி சொன்னார். “நான் இப்பல்லாம் யாருக்கும் தண்ணி எடுத்துக் குடுக்கறதில்ல.”

“வீட்லயும் அப்டித்தான் சார்,” என்றாள் அமுதா. புகார் சொல்லும் குரலில்லை அது. வீட்டு விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள். மேஜையைப் பிடித்து எழுந்து, சுற்றிக்கொண்டு போய், பானையிலிருந்து மொண்டு பாதி டம்ளர் குடித்தாள். டாக்டர் அளவு சொல்லியிருந்தார் போலிருக்கிறது. மீதியை அம்மாவிடம் நீட்டினாள்.

“இந்தா. வெயில்ல வந்திருக்க.”

கன்னியம்மா பேனாவைக் கீழே வைத்தார். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். எந்தத் தண்ணீர், எங்கிருந்து வருகிறது, காய்ச்சியதா என்று எதுவும் கேட்கவில்லை. ஒரே மூச்சில் குடித்தார்.